இடது பக்க விலை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நான் மூன்று வருடம் பங்குச் சந்தை நடத்தினேன். மேசையின் ஒரு ஓரத்தில் மடிக்கணினி. அதற்கு எதிரே தேங்காய் எண்ணெய் பாட்டில். பாட்டிலில் சாய்த்து வைத்த கைப்பேசி. கைப்பேசியின் கேமரா என் முகத்தைப் பார்க்காது, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் வழியாகக் குவைத்தில் இருந்து என் மனைவி பார்த்துக்கொண்டிருப்பாள். எண்ணெய் பாட்டில் நின்ற இடத்தில் இன்றும் ஒரு வட்டக் கறை இருக்கிறது. ஊருக்கு வந்தபோது எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. போகாததில் எனக்குச் சந்தோஷம். அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பாள்.

அவள் அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். நானும் அந்த நாட்டில்தான் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியை மூடினார்கள், நான் ஊருக்கு வந்தேன். இராஜாக்கமங்கலம் போகும் சாலையில் வீடு, பின்னால் கொஞ்சம் தென்னை. மகள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், சம்பாதிக்க ஒருவர் வேண்டும். சம்பாதிப்பவள் அங்கே நின்றாள், சமைப்பவன் இங்கே நின்றேன். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதுமை இல்லை. சர்ச்சை நாங்கள் கோவில் என்போம், அங்கே என் வரிசையில் உட்காரும் ஆண்களில் பாதிப் பேருக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியும்.

சின்ன வயதில் மகள் தினமும் கேட்பாள், அம்மா எப்பம் வருவா என்று. கொஞ்சம் வளர்ந்ததும் வாரத்துக்கு ஒரு தடவை கேட்டாள். பிறகு கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும். ஒரு வருடம் அதுவும் கேட்கவில்லை. கேட்டபோதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்காமல் விட்டபோது பயம் வந்தது.

அதிலிருந்துதான் நாங்கள் ஒரு கெடு வைத்துக்கொண்டோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியூர்க் கல்லூரிக்குப் போவதற்கு முன், ஒரு வருடமாவது மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு அவள் வேலையை விட வேண்டும். வேலையை விட ஒரு தொகை கையில் வேண்டும், அவளுடைய இரண்டு வருடச் சம்பளம் அளவுக்கு. அந்தத் தொகையை நான் சந்தையில் பிடித்துவிடுவேன் என்று சொன்னேன். ஏதோ கடலில் போய் வலை போட்டுவிட்டு வருகிறேன் என்கிற மாதிரி அவ்வளவு தைரியமாகச் சொன்னேன்.

ஆப்ஷன் என்றால் என்ன என்று அவள் கேட்டபோது, மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கிற மாதிரி என்றேன். ஒரு மனைக்கு விலை பேசி, கொஞ்சம் பணம் கொடுத்து, மூன்று மாதத்துக்கு எக்ரிமெண்ட் போடுகிறோம். அதற்குள் அந்தப் பக்கம் விலை ஏறினால் எக்ரிமெண்டையே இன்னொருவருக்கு லாபத்துக்குக் கைமாற்றி விடலாம். ஏறாவிட்டால் அட்வான்ஸ் போச்சு, அதற்கு மேல் நஷ்டம் இல்லை. இங்கே மனைக்குப் பதில் பங்கு, மூன்று மாதத்துக்குப் பதில் ஒரு வாரமோ ஒரு மாதமோ.

"அப்பம் எக்ரிமெண்ட வாங்க ஆளு வரல்லேண்ணா?" என்று கேட்டாள்.

நாகர்கோவிலில் மனை வாங்க ஆள் இல்லாமலா போகும் என்று சொல்லிச் சிரித்தேன். நல்ல கேள்விகளுக்குச் சிரிப்பது எனக்குப் பழக்கம்.

முதல் சில மாதங்கள் தனியாகத்தான் செய்தேன். காலையில் சந்தை திறந்ததும் பாய்ந்து வாங்குவேன். விலை மலிவாக இருக்கிறதே என்று, பங்கு எட்டவே வாய்ப்பில்லாத தூரத்து விலைகளுக்கான ஆப்ஷன்களாகப் பார்த்து வாங்குவேன். சந்தை திறந்த முதல் ஒரு மணி நேரம் விலைகள் பேய் பிடித்த மாதிரி ஆடும். அந்த ஆட்டத்தில் நானும் ஆடினேன். போட்டது கரைந்தது. அவளிடம் மறைக்கவில்லை, அந்த ஒரு நல்ல புத்தி இருந்தது. அவள் திட்டவும் இல்லை. நீங்க செய்யியத எனக்குக் காட்டுங்க என்று மட்டும் சொன்னாள். அப்போதுதான் எண்ணெய் பாட்டில் மேசைக்கு வந்தது.

இரண்டு நாள் பேசாமல் பார்த்தாள். மூன்றாம் நாள், நீங்க யாருட்டயும் கேக்காம மருந்து குத்துகிய என்றாள். அவள் வார்டில் ஆபத்தான மருந்து கொடுக்கும்போது ஒரு நர்ஸ் மருந்தின் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொரு நர்ஸ் அதைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊசி ஏறும். அதைக் கொஞ்சம் மாற்றி எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தாள். வாங்குவதா விற்பதா, எந்த விலைக்கான ஆப்ஷன், எந்தத் தேதியில் முடிகிறது, எத்தனை லாட், அதாவது எத்தனை கட்டு, என்ன விலைக்கு என்று நான் படிக்க வேண்டும். அவள் சொல்வாள், "திருப்பிச் சொல்லுங்க." நான் திருப்பிச் சொல்வேன். அவள் சரி என்றால்தான் விரல் பொத்தானுக்குப் போகும்.

உள்ளே போக இரண்டு பேரும் சரி சொல்ல வேண்டும். வெளியே வர ஒருவர் சொன்னால் போதும். இதுவும் அவள் வைத்ததுதான். இன்றைக்கும் யாராவது என்னிடம் ஆப்ஷன் பற்றி யோசனை கேட்டால் இதைத்தான் சொல்கிறேன், ஏதோ என் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி.

பாதிப் பணத்தைச் சந்தைக் கணக்கிலிருந்து எடுத்து வங்கியில் போடச் சொன்னாள். சந்தை எவ்வளவு ஆசை காட்டினாலும் அந்தப் பாதியைத் தொடப்பிடாது. கையில் பைசா இல்லாதவன் நல்ல விலை வரும்வரை காத்திருக்க முடியாது, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு ஓட வேண்டியிருக்கும் என்பது அவள் வாதம். கணக்குப் படித்தவன் நான். ஆனால் என் கணக்கு எப்போதும் எவ்வளவு வரும் என்றுதான் கேட்கும், அவளுடையது போனால் எவ்வளவு போகும் என்று கேட்கும்.

அடுத்தது இடது பக்கம். திரையில் ஒரு ஆப்ஷனைத் தொட்டால் மேலே பெரிய எழுத்தில் ஒரு விலை வரும். கடைசியாக யாரோ ஒருவர் வாங்கிய விலை அது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரிசை இருக்கும். இடது பக்கம் வாங்க நிற்பவர்கள் கேட்கும் விலை, வலது பக்கம் விற்க நிற்பவர்கள் சொல்லும் விலை. மேலே இருக்கும் எண் நடந்துபோன கதை, நாம் விற்க வேண்டுமென்றால் இடது பக்கத்தில் நிற்பவர்தான் நமக்கு ஆள் என்பதை அவள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு தடவையும் வாங்குவதற்கு முன்பே கேட்பாள், "எடது பக்கம் ஆளு உண்டா?"

நாங்கள் வாங்கியது பெரும்பாலும் சந்தைக் குறியீட்டின் வாராந்திர ஆப்ஷன்கள். அவற்றில் இடது பக்கம் எப்போதும் வடசேரி சந்தை காலை நேரம் மாதிரி நெருக்கியடித்து நிற்கும். அதனால் உண்டு, உண்டு என்று பார்க்காமலே சொல்லிப் பழகிவிட்டேன்.

இரவுப் பணி முடித்து, பேருந்து பிடித்து, விடுதி அறைக்கு அவள் வந்து சேரும்போது இங்கே பத்தரை மணி தாண்டிவிடும். அதுவரை நான் ஒன்றும் செய்யக்கூடாது. அந்தப் பேய் ஆடும் நேரத்திலிருந்து எங்களைக் காப்பாற்றியது அவளுடைய பேருந்துதான். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மீன்காரம்மாவிடம் சாளையோ அயிலையோ வாங்கி, கழுவி, மசாலா அரைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பேன். அழைப்பு வந்ததும் அவள் முதலில் கேட்பது, காப்பி குடிச்சியளா என்று. எங்கள் ஊரில் அதற்குக் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். பிறகு எல்லாம் கலந்து வரும். நஷ்டம் எல்லை மீறாம ஸ்டாப் லாஸ் போட்டியளா, குழம்புக்குப் புளி விட்டியளா, அந்த ஒரு லாட்ட வித்திரலாமா, தேங்காய் முத்தலா இளசா. நஷ்டம் வந்த நாளில் குழம்பில் உப்புக் கூடியிருக்கும் என்று மகள் சொல்வாள். வருகிற லாப நஷ்டத்தை மகள் அப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

அவள் கைப்பேசியைத் தலையணையில் போட்டிருப்பாள். அதனால் எனக்குத் தெரிவது மேல் கட்டிலின் பலகையும் அதில் காயப்போட்ட யாரோ ஒருத்தியின் காலுறையும்தான். முகம் தெரியாது. குரல் காதருகே இருக்கும். தலைமுடியைச் சீவும் சத்தம் கேட்கும். வார்டில் யார் பிழைத்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று சொல்வாள். சில நாள் பேசிக்கொண்டே தூங்கிவிடுவாள். நான் அழைப்பைத் துண்டிக்க மாட்டேன். சரி சொல்ல ஆள் தூங்குவதால் புதிதாக ஒன்றும் வாங்கவும் முடியாது. சந்தை பாட்டுக்கு ஏறும் இறங்கும், நான் அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரிப்பேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசியது அந்த மேசையில்தான். அந்தக் காலைகளை நான் இப்போது தேடுகிறேன். மனைவி பக்கத்து அறையில் இருக்கும்போது, அவள் தூரத்தில் இருந்த நாட்களுக்கு ஏங்குகிறேன் என்று வெளியே சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனால் உண்மை அதுதான்.

தொகை மெல்ல மெல்ல ஏறியது. ஏறிய வேகத்தைப் பார்த்தால் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதுதான் எட்டும் போலிருந்தது. அப்படியே மகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கெடு வந்துவிட்டது, தொகை வரவில்லை.

இந்த இடத்தில் கோவில் ஏலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கோவிலில் வருடா வருடம் அறுப்பின் பண்டிகை நடக்கும். வாழைக்குலை, சக்கை என்கிற பலா, கோழி, முட்டை, வீட்டில் சுட்ட கேக் என்று ஆளுக்கொன்று காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். குரல் பெரிது என்பதால் ஏலம் விடுவது நான்தான். ஒரு மட்டிப்பழ வாழைக்குலைக்கு, கடை விலையைப் போல நாலு மடங்கு, ஐந்து மடங்கு கேட்பார்கள். எடுத்தவர் அதைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுத்துவிடுவார், அதே குலையை மறுபடியும் ஏலம் விடுவேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கூப்பிட்ட விலைதான் விலை. எங்கள் கோவில் சரித்திரத்தில் கூப்பிட்டுவிட்டுப் பின்வாங்கியவர் கிடையாது. ஏறக்குறைய பத்து வருடம் இப்படிக் கூவியவனுடைய காதுக்கு, கடைசியாகச் சொல்லப்பட்ட விலை என்றால் அது கையில் வந்த பணம்தான்.

அந்த வருடம் தேர்தல் நடந்தது. ஓட்டு எண்ணும் நாள் நெருங்க நெருங்க சந்தைக்குக் காய்ச்சல் பிடித்தது. அப்படிப்பட்ட சமயத்தில் ஆப்ஷன் விலைகள் வீங்கும். பங்கு எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாததால் எல்லாரும் பயத்துக்கு விலை கொடுப்பார்கள். முடிவு தெரிந்ததும் பயம் போய்விடும், அதற்குக் கொடுத்த விலையும் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், குறியீட்டை விட்டுவிட்டு ஒரு தனிப் பங்கின் ஆப்ஷனை, அதுவும் தூரத்து விலைக்கானதை, ஏழெட்டு ரூபாய் வீதம் கொத்தாக வாங்கலாம் என்றேன். அவளுக்கு மனமில்லை. இதில் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கிறதே என்றாள். முடிவு வருவதற்குள் விற்றுவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தேன். வங்கியில் இருக்கும் பாதியைத் தொடுவதில்லை என்றும் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். சரி என்றாள்.

எண்ணிக்கைக்கு முந்தின நாள் சந்தை திறந்ததுமே துள்ளியது. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கிவிட்டிருந்தது, ஓட்டில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. அவள் அழைத்தபோது நான் காப்பி குடிக்கவும் இல்லை, மீன் வாங்கவும் இல்லை. எங்கள் ஆப்ஷனைத் தொட்டேன். மேலே பெரிய எழுத்தில் நாற்பது ரூபாய் என்று நின்றது. பக்கத்தில் எங்கள் மொத்த லாபத்தைப் பச்சை நிறத்தில் காட்டியது. நாங்கள் மூன்று வருடமாகத் தேடிய தொகை, இரண்டு வருடச் சம்பளம், அதற்கு மேலும் கொஞ்சம்.

மூக்கை உறிஞ்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "போதும், ஏட்டி," என்றேன். "போய் மேட்ரன்கிட்ட சொல்லிரு. நீ வா."

கேமராவை மறைக்கிறேனோ என்று கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.

"உண்மையாவா சொல்லிய?" என்றாள்.

"திரையில காணுதுல்லா?"

"காணுது," என்றாள். பிறகு மெதுவாக, "திருப்பிச் சொல்லுங்க."

"போதும். நீ வா."

"சரி," என்று சொல்லி அழைப்பை வைத்துவிட்டாள். வழக்கமாகத் தூங்கப் போகிற நேரம் அது. அன்று உடுப்பை மாற்றிக்கொண்டு மறுபடியும் பேருந்து பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், தலைமை நர்ஸான மேட்ரனிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வந்தாள் என்று சாயந்திரம் செய்தி அனுப்பினாள்.

வெளியே வர ஒருவர் சொன்னால் போதுமே, அழைப்பு முடிந்ததும் விற்க உட்கார்ந்தேன். நாற்பதுக்குப் போட்டேன். விலைபோகவில்லை. கொஞ்சம் இறக்கி முப்பத்தைந்துக்குப் போட்டேன். அசையவில்லை. அப்போதுதான் கண் கீழே போனது. இடது பக்கத்தில் மேலே நின்றவர் கேட்ட விலை பன்னிரண்டு ரூபாய். அவருக்கு வேண்டியதும் ஒரே ஒரு லாட். அவருக்குக் கீழே நின்றவர்கள் ஒன்பது, எட்டு என்று கேட்டார்கள். நாற்பது என்பது யாரோ ஒரு அவசரக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டுப் போன ஒற்றை லாட்டின் விலை. கோவில் முற்றத்தில் என்றால் அந்த விலைக்கு ஆமென் சொல்லியிருப்போம். இங்கே அந்த ஆள் வாங்கினார், போய்விட்டார், இனி வர மாட்டார்.

பன்னிரண்டும் ஒன்பதும் எட்டும் நாங்கள் வாங்கிய விலையை ஒட்டியதுதான். அப்போதே மெல்ல மெல்லக் கழித்திருந்தால் பெரிய சேதம் இல்லாமல் வந்திருக்கலாம். நாற்பதைக் கண்ட கண்ணுக்குப் பன்னிரண்டு அவமானமாகப் பட்டது. எனக்குக் கோபம் வேறு வந்துவிட்டது, பன்னிரண்டு ரூபாய் கேட்கும் அந்தப் பெயர் தெரியாத ஆளின் மேல். நாளைக்குச் சந்தை இன்னும் ஏறும், அப்போது இவன் தேடி வருவான் என்று நினைத்துக்கொண்டேன். முடிவு வருவதற்குள் விற்றுவிடுவேன் என்று கொடுத்த வாக்கை அப்படித்தான் மீறினேன்.

மறுநாள் ஓட்டுகளை எண்ணத் தொடங்கினார்கள். சந்தை எதிர்பார்த்தது நடக்கவில்லை. விலைகள் விழுந்த வேகத்தில் திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. மழையில் கரண்டு போயிற்று, இன்வெர்ட்டர் கூவியது, இணையம் வந்து வந்து போனது. எங்கள் ஆப்ஷனின் இடது பக்கத்தில் ஆளே இல்லை. காலியாகக் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் யாரோ பைசா கணக்கில் கேட்டார்கள். கொடுத்தேன்.

அவளிடம் சொல்ல வேண்டுமே. அன்று கைப்பேசியைத் திருப்பி என் முகம் தெரிய வைத்துக்கொண்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மேட்ரனிடம் திரும்பப் போய், வேலையை விடவில்லை என்று சொல்லச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவளும் கைப்பேசியைத் தலையணையிலிருந்து எடுத்தாள், ரொம்ப நாளைக்குப் பிறகு முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"சொன்னது சொன்னதுதான். நான் வாரேன்," என்றாள். "பேங்கில பாதி கெடக்குல்லா?"

கிடந்தது. அவள் வைத்த அந்த ஒரு விதி மட்டும் இல்லையென்றால் அந்த வருடம் எப்படிப் போயிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஓணம் சமயத்தில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் போய் அழைத்துவந்தோம். மகள் அம்மாவைவிட உயரமாக இருந்தாள். காரில் பின் சீட்டில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். அந்த வருடம் கையைக் கடித்தது. காரை விற்றோம். அவள் நாகர்கோவிலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், அங்கே வாங்கியதில் ஒரு துண்டுச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். நான் ஆப்ஷனை விட்டேன், ஒரு கடைக்குக் கணக்கு எழுதப் போனேன். ஆனாலும் மகள் பரீட்சைக்குப் படித்த மேசையில் எதிரே அவள் அம்மா உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் பாட்டில் அடுக்களைக்குத் திரும்பிவிட்டது.

அந்த ஒரு வருடம் முழுக்க எனக்குள் ஒரு முள் இருந்தது. என் வாயில் வந்த ஒரு தப்பான எண்ணை நம்பி ஒருத்தி நல்ல வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாளே என்ற முள். அவள் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் கல்லூரிக்குப் போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அவள் வேலைக்குப் போய்வந்து களைத்துப் படுப்பாள், நான் கடைக் கணக்கோடு உட்கார்ந்திருப்பேன். ஒரே வீட்டில் இருந்தும் மேல் கட்டில் பலகையைப் பார்த்துப் பேசிய பேச்சில் பாதிகூட இல்லை. என்மேல் மனத்தாங்கல் என்றே நினைத்தேன்.

இந்த வருட அறுப்பின் பண்டிகையிலும் ஏலம் நான்தான் விட்டேன். கடைசியில் ஒரு மட்டிப்பழக் குலை வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் விலையை ஏற்றிக்கொண்டே போனது. யாரென்று பார்த்தால் என் மனைவி. எனக்குக் குரலே கம்மிவிட்டது. மூணு தரம் சொல்லும்போது எல்லாரும் சிரித்தார்கள். அவள் அதைத் திரும்பக் காணிக்கையாகவும் கொடுக்கவில்லை. வீட்டுக்கே கொண்டுவந்தாள்.

மத்தியானம் அடுக்களையில் உத்தரத்துக் கொக்கியில் குலையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். இந்த விலைக்கு வடசேரியில் மூன்று குலை வாங்கலாமே, இதை இப்போது விற்கப் போனால் பாதிகூடக் கிடைக்காதே என்று கிண்டல் செய்தேன்.

"தெரியும்," என்றாள். "தெரிஞ்சுதான் கேட்டேன்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "அண்ணைக்கும் தெரிஞ்சுதான் வந்தேன்."

"எண்ணைக்கு?"

"எடது பக்கம் பன்னெண்டு ரூவாதான் கெடந்துது. அதும் ஒத்த லாட்டுக்கு. நீங்க மேல உள்ள நம்பரப் பாத்து அழுதுட்டு இருந்திய. நான் கீழ பாத்துட்டுதான் மேட்ரன்கிட்ட போனேன்."

மூன்று வருடம் ஒரு நாள் விடாமல் கேட்ட கேள்வியை அவள் அன்று மட்டும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டூலை விட்டுவிட்டேன் போலிருக்கிறது, அது ஆடியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா, போதும்ணு சொன்னத நீங்க திருப்பி எடுத்திருப்பிய," என்றாள். "அதக் கேக்கத்தான் நான் அத்தன நாளும் காத்துக் கெடந்தேன்."

அவள் கை இன்னும் என் தோளில் இருந்தது. வாழைக்கறை என் சட்டையில் ஒட்டியது.

"திருப்பிச் சொல்லு," என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு வார்டில் மருந்தின் பெயரைப் படிப்பது போல, ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எடது பக்கம் ஆளு இல்ல. எனக்குத் தெரியும். நான் வாரேன்."

"சரி," என்றேன்.